பதினோரு டின் க்ரீம் கலர்

கிடங்குக்காரர் கட்ட வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு, ஐம்பது காசு. டின் ஒன்று நூற்று அறுபத்தேழு ஐம்பது வீதம் பதினோரு டின் க்ரீம் கலர் பெயிண்டுக்கான விலை. இதைக் கேட்டு வருடத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு வருடம் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. தபால் செலவையும் காகிதச் செலவையும் கூட்டினால் பாக்கியைவிட நோட்டீஸ் அதிக விலைக்குப் போயிருக்கும். ஆனால் அந்தக் கூட்டலைச் செய்வது எந்தப் பிரிவின் வேலையும் இல்லை.

அந்தப் பதினோரு டின்னைக் கிடங்குக்காரர் தொடவில்லை என்பது உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அந்த ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் கிடங்குக்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. பெயிண்டர். ஆள் நெட்டை, எந்நேரமும் ஏணி மேல் நிற்கிறவன். அதனால் ஸ்டூடியோவில் அவனுக்கு ஏணி என்றே பெயர்.

நடந்தது இதுதான். அந்த ஸ்டூடியோவுக்கு ஓர் இயக்குநர் சிரிப்புப் படம் எடுக்க வந்தார். பெரிய பணக்காரர் ஒருவர் தன் பல்செட்டைத் தொலைத்துவிட்டு மாளிகை முழுக்கத் தேடுகிறார். கதை அவ்வளவுதான். மாளிகைக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. யாரோ எடுத்த படத்தில் தேவாலயக் காட்சிக்குச் செய்து மிஞ்சிய கூர்வளைவுகளையும், ஒல்லி ஒல்லியான ஜன்னல்களையும், ஆஸ்பத்திரிக் காட்சிக்குப் பச்சை அடித்திருந்த துணித் தட்டிகளையும் சேர்த்துக் கட்டி ஒரு கூடம் எழுப்பினார்கள். சுவர் க்ரீம் கலரில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. பச்சையையும் அமுக்க வேண்டும், பின்னாலிருக்கும் விளக்கின் வெளிச்சம் துணி வழியாகக் கசியவும் கூடாது. அதற்காக ஏணி கரித்தூளும் கோந்தும் கலந்து முதலில் ஒரு கறுப்புப் பூச்சு அடித்தான். அதன் மேல் க்ரீம் கலர் மூன்று கோட் அடிக்கத்தான் பதினோரு டின் கிடங்கில் வந்து இறங்கியிருந்தது.

அந்த வாரத்தில்தான் பக்கத்துத் தெருக் கடையில் ஒரு சிவப்பு ரேடியோவை அவன் பார்த்தான். பசியில்லை, நோயில்லை, வீட்டில் யாரும் சாகக் கிடக்கவில்லை. ரேடியோ நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கிடங்குச் சாவியைச் சாப்பாட்டு நேரத்தில் கோந்து டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது அத்தானின் வழக்கம். ஏணி இரண்டு நடையாகத் தள்ளுவண்டியில் பதினோரு டின்னையும் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய், வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பாதி விலையில் தள்ளினான். சாவியை இருந்த இடத்தில் வைத்தான். மேற்பார்வையாளரிடம், "கிடங்குல க்ரீம் கலர் இல்லயாம்," என்றான். அந்தச் சின்ன 'யாம்' சொன்ன நாக்கு வேலைநாள் முழுக்கக் கசந்தது. சாயங்காலம் ரேடியோ பாட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது.

கூடத்துக்கு மூன்று நாள் வாடகைதான் கட்டியிருந்தார்கள். இயக்குநர் வந்து பார்த்தார், சுவர் கரிச்சட்டி மாதிரி இருந்தது. திட்டித் தீர்த்துவிட்டு அப்படியே படம் பிடித்தார். எத்தனை விளக்குப் போட்டாலும் சுவர் குடித்துவிட்டது. அலுத்துப்போன கேமராக்காரர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்தினார். முகங்கள் உடம்பில்லாமல் மிதந்தன. ஜன்னல் நிழல் தரையில் ஈட்டி மாதிரி நீண்டது. தொலைந்த பல்செட் மட்டும் படியில் தனியாக மின்னியது. படம் வெளியான அன்று, பணக்காரர் சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கும் காட்சியில் ஒருவருக்கு மயக்கம் வந்துவிட்டது. சிரிப்புப் படத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கடல் கடந்து எங்கோ பரிசு கொடுத்தார்கள். உடலற்ற பல்லில் மனிதகுலத்தின் தனிமையைக் காட்டிய, கோதிக் எனும் இருள்கலையின் மேதை என்று நடுவர்கள் எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் தான் என்ன படம் எடுத்தோம் என்பது இயக்குநருக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் கறுப்புச் சட்டை தவிர வேறு போடவில்லை. பேட்டிகளில் கேட்டபோது, சின்ன வயதில் பழைய தேவாலயங்களின் நிழலில் வளர்ந்ததாகவும், கல்லறைச் சிற்பங்களும் மௌனப்படங்களின் கோணல் நிழல்களும் தன் கனவில் வந்து வந்து போனதாகவும் சொன்னார். அவர் வளர்ந்த தெருவில் உயரமாக நின்றது ஒரு தண்ணீர்த் தொட்டிதான். எல்லாப் படத்துக்கும் ஏணிதான் சுவர் அடித்தான். "போன தடவ மாதிரியே," என்பதற்கு மேல் இயக்குநர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அத்தானுக்கு அந்த வருடமே வேலை போனது. இடுப்பு வலி தாங்க முடியாமல் நின்றுவிட்டதாக வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். ஏணி நம்பினான், நம்புவது வசதியாக இருந்தது. வேலையில்லாத மனிதர் சாயங்காலமானால் மச்சினன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, சிவப்பு ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டுப் போவார். அக்கா அந்த ரேடியோவுக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள்.

ஏணிக்கு ஐம்பத்தாறு வயது வரை எழுத்துத் தெரியாது. தெரியாமலே காலம் ஓடியிருக்கும். சாயங்கால வகுப்பு ஒன்று தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தார்கள். சும்மாதானே இருக்கிறோம் என்று போனான். ஒரு வருடத்தில் கடைப் பலகை, மருந்து அட்டை, பஸ்ஸில் ஒட்டியிருப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியத்தில்தான் ஒருநாள் அக்கா வீட்டுத் தையல் மெஷின் மேல் கிடந்த காகிதத்தையும் எடுத்துப் படித்தான். "கிடங்குக் காப்பாளர்... கையாடல் செய்த... பதினோரு டின்..."

குரல் அங்கேயே நின்றது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"அது வருஷா வருஷம் வர்றதுதான். வை."

"அத்தான் பேருக்கு நேரா கையாடல்னு போட்டிருக்குக்கா."

"ஏதோ பெயிண்டு காணாமப் போச்சாம். இவரு தலையில கட்டிட்டாங்க. அதக் கட்டுற வரைக்கும் பத்தொம்பது வருஷ பணிக்கொடை கெடையாதுன்னுட்டாங்க. எடுக்காத சாமானுக்குக் காசு கட்டினா எடுத்ததா ஆயிடும்னு இவரு கட்டல. அந்தப் பணம் வந்தா மோட்டார் வெச்ச மெஷின் ஒண்ணு வாங்கலாம். முட்டி போயிடுச்சு எனக்கு, மிதிச்சு மிதிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ முன்கோபி. தெரிஞ்சா அங்க போய்ச் சண்டை பிடிப்ப. உன் வேலையும் போயிடும்னு இவருதான் சொல்ல வேணாம்னாரு."

காகிதத்தை எப்படி மடித்து வைத்தான், எப்படி வீடு வந்தான் என்று ஏணிக்கு நினைவில்லை. எழுத்துத் தெரியாமல் இருந்தபோது இந்த வீட்டில் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டு மாதம் எடுத்துப் பணம் சேர்த்தான். நோட்டும் சில்லறையும் சேர்ந்துவிட்டன. ஐம்பது காசு நாணயம்தான் எங்கும் இல்லை, அதைக் கடைகளில் வாங்காமல் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்த குவியலில் ஒன்றைத் தேடி எடுத்தான். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பினான்.

ஸ்டூடியோ இப்போது ஸ்டூடியோ இல்லை. இயக்குநர் இறந்த பிறகு அதை இருள் அழகியல் உயராய்வு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கட்டடத்தோடு அதன் பாக்கிகளையும் எடுத்துக்கொண்டது. கறுப்புப் பலகையில் கறுப்பு எழுத்தில் பெயர் எழுதியிருந்ததால் ஏணி வாசலை இரண்டு தடவை தாண்டிப் போனான். உள்ளே கதவு, சுவர், தரை, கழிவறை எல்லாம் கறுப்பு. ஓர் அறைக்கு ஒரு விளக்குக்கு மேல் கூடாது, அதுவும் பக்கவாட்டில்தான் எரிய வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். எல்லோருக்கும் கறுப்பு உடைப் படி உண்டு, முகம் வெளுத்துத் தெரிவதற்குப் பவுடர் படி உண்டு, முட்டியில் இடித்துக்கொள்வதற்கு மருத்துவப் படி உண்டு. வரவேற்பறையில் ஒரு காக்கைக் கூண்டு இருந்தது. காக்கை பறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கான தீனிச் செலவு மாதாமாதம் தவறாமல் அனுமதியாகிறது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். கறுப்புக் காகிதத்தில் கருஞ்சாம்பல் எழுத்து. ஏணி அதைக் கண்ணருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், விளக்குப் பக்கம் திருப்பினான். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஒரு வருடம் கஷ்டப்பட்டுக் கற்றது இவ்வளவுதானா என்று கழுத்து வரை சூடேறியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நான் இப்பதான் படிக்கக் கத்துக்கிட்டேன். இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"எனக்கும் தெரியாதுங்க," என்றார் எழுத்தர். "நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். மூணாவது வரி உங்க பேரு. ஒம்பதாவது வரியில, நீங்க இருட்டுக்கு எப்ப அறிமுகமானீங்கன்னு எழுதணும்."

கணக்கு அதிகாரி நல்ல மனிதர். அவருடைய நாற்காலியின் முதுகு கூர்கோபுரம் மாதிரி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏணி பணத்தை மேசையில் வைத்து, டின்களை எடுத்தது தான்தான், கிடங்குக்காரர் இல்லை, இதை வரவு வைத்துக்கொண்டு அவர் பெயரைத் துடைத்துக் கொடுங்கள் என்றான். இதைச் சொல்வதற்கு வீட்டில் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தான். அப்படியும் 'எடுத்தது' என்றுதான் வாயில் வந்தது. 'திருடினது' வரவில்லை.

அதிகாரி பணத்தைத் தொடவில்லை.

"நீங்க யாரு இந்தப் பாக்கிக்கு? கணக்குல உங்க பேரே இல்லையே. வழியில போற ஆளெல்லாம் வந்து பாக்கி கட்டலாம்னா ஒழுங்குமுறை என்ன ஆகிறது?"

"எடுத்தவன் நாந்தாங்க."

"இருங்க. இந்தப் பாக்கிய வசூல் பண்றதுக்குன்னே இங்க ஒரு பிரிவு இருக்கு. மூணு பேரு. ஒருத்தர் நோட்டீஸ் எழுதுறாரு, ஒருத்தர் சரிபார்க்கிறாரு, ஒருத்தர் பதில் வந்துச்சான்னு காத்திருக்காரு. அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு. நீங்க பாட்டுக்குக் கட்டிட்டுப் போயிட்டா அந்தக் குடும்பங்க என்ன பண்ணும்னு யோசிச்சீங்களா?" கொஞ்சம் இரங்கின குரலில் சேர்த்தார்: "அது இருக்கட்டும். அந்தப் பெயிண்ட் எந்தச் சுவருக்கு?"

சொன்னான். அதிகாரியின் பவுடர் முகம் இன்னும் வெளுத்தது. தொலைபேசியை எடுத்து, "அம்மா, ஒருத்தர் வந்திருக்காரு. சுவரப் பத்தி ஏதோ சொல்றாரு," என்றார்.

ஆராய்ச்சித் துறைத் தலைவி வந்தார். ஏணியின் கையைப் பிடித்துக் கூடத்துக்கே அழைத்துப்போனார். பரிசுக்குப் பிறகு பிரிக்காமலே விட்டிருந்த அவனுடைய முதல் கறுப்புச் சுவர் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. எதிரே சிவப்புக் கயிறு, ஈரப்பதம் பார்க்கும் கருவி, துப்பாக்கியோடு ஒரு காவலர். ஏணிக்கு அதைப் பார்க்கக் கூசியது. தான் அடித்ததிலேயே மோசமான பூச்சு அது. மேலே மூன்று கோட் வரப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அள்ளி அப்பியது.

"இந்தக் கறுப்போட கலவை என்னன்னு ஏழு வருஷமா ஆராயறோம்," என்றார் தலைவி. "மூணு தடவை வெளிநாடு போயிட்டு வந்தேன். நானூறு வருஷத்துக்கு முந்தின தேவாலயங்கள்ல மெழுகுவத்திப் புகை படிஞ்ச கறுப்போட இது ஒத்துப்போகுது. இயக்குநர் அங்கல்லாம் போனதே இல்ல. போகாமலே கொண்டுவந்தாரு பாருங்க, அதுதான் மேதைமை."

"கரித்தூளும் கோந்தும்ங்க. கோந்து பத்தல, கொஞ்சம் மாவு கரைச்சு ஊத்தினேன்."

தலைவி குறித்துக்கொண்டார். மாவு என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். "அந்த மூலையில உரிஞ்ச இடத்துல பச்சை தெரியுது பாருங்க. கல்லறைப் பாசி. அழிவுக்கு அடியில இன்னொரு அழிவு. அதப் பத்தி மட்டும் ரெண்டு பேரு முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க."

"அது ஆஸ்பத்திரிப் பச்சைங்க. முந்தின படத்துல மிச்சம்."

"மேல ஒரு கோடு திடீர்னு கோணிக்கிட்டுக் கீழ இறங்குதே, சாகிறவனோட கடைசி மூச்சு மாதிரி. அந்தக் கோட்டத்தான் எங்க முத்திரையா வெச்சிருக்கோம்."

ஏணி அண்ணாந்து பார்த்தான். "ஏணி வழுக்கிச்சுங்க."

அவர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஐயா, நான் இருபது வருஷமா இந்தச் சுவரப் படிக்கிறேன். என் பையனுக்கு அடுத்த மாசம் காலேஜ் பணம் கட்டணும். இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க, நெஜமா வழுக்கிச்சா?"

தான் விற்ற பதினோரு டின்னில் எத்தனை பேர் சோறு தின்கிறார்கள் என்று ஏணிக்கு அப்போதுதான் பட்டது. அத்தானைத் தவிர.

உண்மையறியும் குழு ஒன்றை அமைத்தார்கள். நான்கு தடவை கூடியது. ஒவ்வொரு தடவையும் ஏணியை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே உண்மையை அறிந்தார்கள். ஐந்தாம் தடவை நிறுவனத் தலைவரே கூப்பிட்டுப் பேசினார். அவர் முகத்தில் பாதிதான் வெளிச்சத்தில் இருந்தது, அந்தப் பாதி சிரித்தது.

"நீங்க திருடினேன்னு சொல்றீங்க. நாங்க அத மறுக்கல. ஆனா ஏன் திருடினீங்க? உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். க்ரீம் கலர் அந்தச் சுவருக்கு வரக்கூடாதுன்னு இயக்குநரோட ஆழ்மனசு நெனச்சுது. அது உங்கள ஏவிச்சு. நீங்க ஒரு கருவி. பிரஷ் மாதிரி. பிரஷ் திருடுமா?"

"நான் ரேடியோ வாங்கத்தாங்க..."

"இங்க நூத்திப் பதினாலு பேரு வேலை செய்றோம். எல்லாருக்கும் சம்பளம் அந்தச் சுவரு குடுக்குது. அதுக்கு அடியில ஒரு ரேடியோ இருக்குன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் மானியம் குடுப்பான்? நான் உண்மைக்கு எதிரி இல்ல. உண்மைக்கு ஒரு பட்ஜெட் வேணும்னுதான் சொல்றேன்." தலைவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். அபூர்வமாக வெள்ளைக் காகிதம். "குழுவோட முடிவு இது. க்ரீம் கலர் பெயிண்ட் இந்த வளாகத்துக்குள்ள எப்பவுமே வந்ததில்ல. வராத பெயிண்ட் காணாமப் போகாது. காணாமப் போகாததுக்குப் பாக்கி கெடையாது. தள்ளுபடி. உங்க அத்தானுக்குப் பணிக்கொடை செக்கு ரெடி. நேர்ல கண்ட சாட்சியா நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். யோசிங்க. வர்ற வாரம் கண்காட்சித் திறப்பு, அன்னைக்கு உங்களுக்கு ஒரு பாராட்டும் வெச்சிருக்கோம்."

ஏணி யோசித்தான். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மறைக்க முடியாது என்று தோன்றியது.

திறப்பு நாளன்று முந்நூறு பேர் கறுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். இவன் ஒருவன்தான் வெள்ளைச் சட்டை. அவனைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 'ஏணி: இருளின் கருவி' என்று ஓர் அட்டை அவன் கால் அருகில் இருந்தது. அதை இவன் படித்து முடிப்பதற்குள் மைக் கைக்கு வந்துவிட்டது.

"நான் திருடன்," என்றான். இந்த முறை அந்த வார்த்தை வந்துவிட்டது. "இந்தச் சுவரு க்ரீம் கலரா இருந்திருக்கணும். நான் பெயிண்டத் திருடி வித்துட்டேன். என் அக்கா புருஷன் மேல பழி விழுந்துச்சு. அவரு என் வீட்டுக்கு வந்து உக்காந்து, அந்தக் காசுல வாங்கின ரேடியோவுலயே செய்தி கேட்டாரு. நான் அவருக்கு டீ குடுத்தேன்."

கூடம் முழுக்கக் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளிச்சத்தைத் திருடியவன் என்ற படிமத்தை இவ்வளவு எளிமையாக யாரும் சொன்னதில்லை என்று ஒரு விமரிசகர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது ஏணி காதில் விழுந்தது. டீ எதற்குக் குறியீடு என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொரு தடவை சொல்லுங்கள், சரியாகப் பதிவாகவில்லை என்றார் கேமராக்காரர்.

இவனும் இன்னொரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை கைதட்டல் கூடுதலாக இருந்தது. எங்கே நிறுத்தினால் தட்டுவார்கள் என்று தனக்கே பிடிபட ஆரம்பித்ததை உணர்ந்ததும் மைக்கைக் கீழே வைத்தான். உடம்பெல்லாம் கூசியது. ரேடியோ வாங்கிய அன்று சாயங்காலம்கூட இப்படிக் கூசவில்லை.

தலைவரின் அறையில் அந்த வெள்ளைக் காகிதம் காத்திருந்தது. 'க்ரீம் கலர் என ஒன்று இவ்வளாகத்துள் எக்காலத்தும் வந்ததில்லை என நேரில் அறிவேன்.' ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முழுக்கப் படித்தான். கைநாட்டு வைக்கிற காலமாக இருந்திருந்தால் எதற்கு வைத்தேன் என்று தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அக்காவின் முட்டியை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். தள்ளுபடிச் சான்றிதழும் செக்கும் கொடுத்தார்கள். இவன் கொண்டுபோன பணம் உறையோடு இவன் பையிலேயே இருந்தது. அந்த மூன்று பேர் பிரிவை, க்ரீம் கலர் வராததை ஆராயும் பிரிவாக மாற்றிவிட்டதாகக் கணக்கு அதிகாரி சந்தோஷமாகச் சொன்னார்.

அக்கா வீட்டுக்குப் போனபோது சாயங்கால வெயில் மெஷின் மேல் விழுந்திருந்தது. அத்தான் கட்டிலில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். கிடங்கு போனாலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஏணி சான்றிதழை நீட்டினான். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"வந்ததில்லன்னு போட்டிருக்கு."

"ஆமா அத்தான். அதனால பாக்கி தள்ளுபடி. செக்கும் குடுத்துட்டாங்க."

"பதினோரு டின் வந்துச்சு. நான் நின்னு எண்ணி இறக்கினேன். ஒரு டின்னுல விளிம்பு நசுங்கியிருந்துச்சு, அதக்கூட எழுதி வெச்சேன்." அவர் குரல் உயரவில்லை. "இத்தன வருஷம் என்னத் திருடன்னு சொன்னாங்க. சரி, இல்லன்னு எனக்குத் தெரியும். இப்ப வராத சரக்குக்குக் கையெழுத்துப் போட்ட கிடங்குக்காரன்னு சொல்றாங்க. இதுக்கு அதுவே மேல். எந்த மடையன் இதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்?" சான்றிதழின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். 'சாட்சி: மனைவியின் தம்பி' என்று அச்சடித்திருந்தது.

"டின் வந்துச்சு அத்தான்," என்றான் ஏணி. "நாந்தான் எடுத்தேன். திருடினேன். சாவி கோந்து டிரம்முக்கு அடியில இருந்துச்சு. வித்து அந்த ரேடியோவ வாங்கினேன்."

மெஷின் நின்றது. அங்கே முந்நூறு பேருக்கு முன்னால் சரளமாக வந்த பேச்சு இங்கே நான்கு வாக்கியத்தில் தீர்ந்துபோனது. யாரும் கை தட்டவில்லை.

"எந்த ரேடியோ?" என்றாள் அக்கா. "செவப்பா இருந்துச்சே, அதுவா?"

"ம்."

"அதுக்கு உறை தெச்சுக் குடுத்தேனேடா நான்."

ஏணி தரையைப் பார்த்தான். தரையில் நூல் துண்டுகள் கிடந்தன. அவள் வேறு ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை, எழுந்து வந்து அவன் கையிலிருந்த செக்கை வாங்கினாள்.

"அதத் தொடாத," என்றார் அத்தான். "வராத சரக்குக்குக் குடுத்த தள்ளுபடிக் காசு அது."

"பத்தொம்பது வருஷம் நீங்க உழைச்ச காசு. முப்பத்தொரு வருஷம் நான் மெஷின் மிதிச்ச காசு. கௌரவத்த நீங்க வெச்சுக்கோங்க, செக்க நான் வெச்சுக்கிறேன்." செக்கை மடித்து நூல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் போய் மெஷினில் உட்கார்ந்தாள். ஆனால் மிதிக்கவில்லை.

அத்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அட்டை நைந்துபோன கிடங்கு நோட்டு, அவர் தனக்கென்று எழுதி வைத்த நகல். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். ஆணி, கயிறு, கோந்து, ஒட்டுப்பலகை என்று ஒவ்வொரு வரியும் எடுத்தவர் பெயரோடு மூடியிருந்தது. பெயர் எழுதத் தெரியாதவர்களுக்கு விரல் ரேகை இருந்தது. அதில் பல ஏணியின் ரேகை. ஒரு வரியில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 'க்ரீம் கலர், பதினோரு டின். ஒன்று விளிம்பு நசுங்கல்.'

"சாவி இருக்கிற எடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும்," என்றார் அத்தான். "நான் எடுக்கல."

ஏணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தெரிஞ்சுமா தெனம் வந்து உக்காந்திருந்தீங்க? ஏன் அத்தான் கேக்கல?"

"கேட்டா நீ இல்லம்ப. அப்புறம் உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கிறது?" அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "பணம் இருக்கா?"

உறையைக் கொடுத்தான். அவர் எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். கடைசியில் அந்தப் பழைய ஐம்பது காசை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாதே."

"அப்ப செல்லுச்சு, அத்தான்."

அவர் தலையாட்டினார். "தொகை பெறப்பட்டது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு நோட்டைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். மைப்பெட்டியைத் தேடிக் கை போனது. ஏணி பேனாவை வாங்கிக்கொண்டான். காலிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினான். ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாத, அம்மா அப்பா வைத்த பெயர். ஒவ்வொரு எழுத்தாக, சுவரில் பார்டர் அடிப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினான். அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதக் கத்துக்கிட்டியா மாப்ள?"

"ஆமா அத்தான். போன வருஷம்."

"எழுத்து நல்லா இருக்கு," என்றார் அவர்.

கைதட்டலைத் தாங்கிக்கொண்டு நின்றவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். அத்தான் அதைப் பார்க்காதவர் போல நோட்டை வாங்கி, அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சின்னதாக 'கணக்கு நேர்' என்று எழுதினார். மை காய ஊதினார். பிறகு நோட்டை மூடினார்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.